கரடி நாளுக்கு முந்தைய வாரம்

முதல் நாள், சனிக்கிழமை

டல்லஸ் விமான நிலையத்தில் பெட்டிக்கு முன்னால் பெட்டியின் வாசனை வந்துவிட்டது. மாங்காய் ஊறுகாய். அண்ணி நாலு பிளாஸ்டிக் உறை போட்டு, அதன்மேல் ஒரு பழைய துண்டையும் சுற்றிக் கொடுத்த கண்ணாடி பாட்டில் அது. "உடையவே உடையாது" என்று சத்தியம் செய்துதான் கொடுத்தார். என் வெள்ளைச் சட்டைகள் இரண்டும் இப்போது நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியுமாக, அண்ணன் மகளின் குளியலறைத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கின்றன.

அவள் வேக்கோ நகரில், பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். மூன்றாவது வருடம். டல்லஸிலிருந்து தெற்கே 35-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 160 கிலோமீட்டர். வழியெல்லாம் சாலையோரப் புல்வெளியில் நீலமாக எதையோ கொட்டி வைத்தது போல இருந்தது. ப்ளூபானட், டெக்சஸின் மாநிலப் பூ. சங்குப்பூவும் இதுவும் ஒரே அவரைக் குடும்பம், அதாவது தூரத்துப் பங்காளி. தானாக முளைத்தது பாதி. மீதிக்கு நெடுஞ்சாலைத் துறையே விதை தூவுகிறதாம். நம்மூரில் இளவேனில் என்பது தமிழ்ப் பாடநூலில் மட்டும் வரும் பருவம். சித்திரை பிறந்தால் நேரே வெயில்தான். இங்கே அது ஜன்னலுக்கு வெளியே மெய்யாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, ஒண்ணு சொல்லவா? பிப்ரவரில வந்திருந்தா 'சிங்'னு பாட்டு, ஆட்டப் போட்டி பார்த்திருக்கலாம். ஒரு வாரம் தள்ளி வந்திருந்தா 'டியா'ங்கிற கரடி நாள். மே மாசம்னா பட்டமளிப்பு. எதுவுமே இல்லாத வாரமாப் பார்த்து வந்திருக்கீங்க."

"டிக்கெட் மலிவா இருந்துச்சும்மா."

"அதான் மலிவா இருந்துச்சு" என்றாள்.

இரண்டாம் நாள், ஞாயிறு

அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. ஆறரைக்குக் கிளம்பி வளாகத்துக்குள் நடந்தோம். ஞாயிறு காலையில் இங்கே யாரையும் பார்க்க முடியாது. ஒரு பாதி தேவாலயத்தில், ஒரு பாதி தூக்கத்தில். அணில்கள் மட்டும் இருந்தன. நம் அணிலைவிட மூன்று மடங்கு பெரிசு, முதுகில் கோடு கிடையாது. ராமர் இந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது.

செங்கல் கட்டடங்கள், வெள்ளைத் தூண்கள், கிளை பரப்பிய ஓக் மரங்கள். நான் படித்தது தாம்பரத்தில், சென்னை கிறித்தவக் கல்லூரியில். சேலையூர் ஹால் விடுதி. அங்கே காட்டுக்குள் கல்லூரி. மான் குறுக்கே ஓடும். இங்கே எல்லாம் வெட்டி, சீவி, தலை வாரி விட்டது போல. ஒரு காய்ந்த இலை கிடந்தால் அதற்கும் யாரோ பொறுப்பு என்று தோன்றுகிறது.

பேய்லருக்குச் சாசனம் கிடைத்தது 1845 பிப்ரவரியில். அப்போது டெக்சஸ் தனி நாடு, அமெரிக்காவோடு சேர்ந்தது அதே ஆண்டு டிசம்பரில். ஆக, இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கொடுத்த நாடே இப்போது கிடையாது. பாப்டிஸ்ட் சபையார் இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூரில் தொடங்கினார்கள். 1886-இல் வேக்கோ பல்கலைக்கழகத்தோடு இணைந்து இந்த ஊருக்கு வந்தது.

நடுப்புல்வெளியில் நீதிபதி பேய்லரின் சிலை, நாற்காலியில் அமர்ந்த நிலையில். பத்து மணி வாக்கில் பட்டமளிப்பு அங்கி போட்ட ஒரு பெண், கேமராவோடு ஒரு தோழி, இஸ்திரி செய்த இன்னொரு அங்கியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா என்று மூன்று பேர் வந்தார்கள். அந்தப் பெண் கூச்சமே இல்லாமல் ஏறி நீதிபதியின் மடியில் உட்கார்ந்தாள். "இன்னும் ஒரு மாசம் இருக்கே?" என்றேன். "மே மாசம் இங்கே வரிசையில நிக்கணும் சித்தப்பா. விவரமானவங்க ஏப்ரல்லயே எடுத்துடுவாங்க."

அந்த நீதிபதி அடிமைகளை வைத்திருந்தவர். ஆரம்ப கால நிர்வாகிகள் பலரும் அப்படித்தான். பல்கலைக்கழகமே 2020-இல் தீர்மானம் போட்டு அதை வெளிப்படையாகச் சொன்னது. இதை அண்ணன் மகள்தான் சொன்னாள், படம் பிடிக்க எங்கள் முறை வந்தபோது. நான் மடியில் ஏறவில்லை. முழங்காலும் ஒத்துழைத்திருக்காது, அது வேறு விஷயம்.

எதிரே பேட் நெஃப் ஹாலின் கோபுரம். அதில் 48 மணிகள், பிரான்சில் வார்த்தவை. 1988-இல் ஏற்றினார்களாம். கால் மணிக்கு ஒருமுறை ஒலிக்கிறது. ஜெட் லேக்கில் இருப்பவனுக்கு இது கொடுமை: ஒவ்வொரு கால் மணிக்கும், நீ இன்னும் தூங்கவில்லை என்று ஒரு ஊரே சொல்கிறது.

மூன்றாம் நாள், திங்கள்

வளாகத்துக்கு உயிர் வந்துவிட்டது. பச்சைச் சட்டை, மஞ்சள் சட்டை, ஸ்கேட்போர்டு, காதில் வெள்ளைக் குமிழ்.

வளாகத்தின் நடுவே கரடிகள் இருக்கின்றன. சிலை அல்ல, உயிரோடு இரண்டு கருங்கரடிகள். பெல், இண்டி என்று பெயர். 2023-இல் குட்டிகளாக வந்தவை. பெயருக்கு முன்னால் 'ஜட்ஜ்' பட்டம் உண்டு, ஆகவே ஜட்ஜ் பெல், ஜட்ஜ் இண்டி. 1917-இல் முதல் கரடி வந்ததிலிருந்து இங்கே கரடி வைத்திருப்பது வழக்கம். கரடிதான் இவர்களின் விளையாட்டு அணிகளுக்கும் அடையாளம். கண்ணாடித் தடுப்பு, பாறை, சின்ன அருவி, குளம். அனுமதி இலவசம். கரடிகளைக் கவனிப்பது பயிற்சி பெற்ற மாணவர்கள். இவர்களின் சங்கத்துக்குப் பெயர் 'சேம்பர் ஆஃப் காமர்ஸ்'. வணிகர் சங்கத்துக்கும் கரடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அது 1919-இல் வைத்த பெயர், மாற்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கரடி பாறையில் மல்லாந்து கிடந்தது. இன்னொன்று தண்ணீரில் காலை விட்டு, எடுத்து, மறுபடி விட்டது. பள்ளிக் குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றார்கள். இடம் சுத்தம், கவனிப்பும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் அரை மணி நேரம் நின்றதில் எனக்கு மனசு முழுதாக ஒப்பவில்லை. தாம்பரத்து மானுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஓடினால் ஓடும்.

மதியம் வேக்கோ ஹால் பக்கம் கூட்டமாகப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். 'சாப்பல்', அதாவது வழிபாட்டுக் கூட்டம், முடிந்து வருகிறார்களாம். இளநிலைப் படிப்பில் சேருகிறவர்கள் இரண்டு பருவமாவது சாப்பலுக்கு வந்தாக வேண்டும், எந்த மதமானாலும். பட்டம் வாங்க அதுவும் ஒரு கணக்கு. எங்களுக்கும் கல்லூரியில் 'மாரல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று ஒரு வகுப்பு உண்டு. கிறித்தவ மாணவர்கள் வேதபாடத்துக்குப் போக, மீதிப் பேருக்கு இது. நான் அங்கே கற்றது கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தபடி தூங்கும் கலை. வெளியே வந்த ஒரு பையனின் கண்ணைப் பார்த்தேன். கலை அழியவில்லை.

நான்காம் நாள், செவ்வாய்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

"எதுவுமில்லாத வாரம்" என்று சொன்னாளே, அவளே மறந்துபோன ஒன்று இருந்தது: செவ்வாய்க்கிழமை மூன்று மணி. 1953-லிருந்து வாராவாரம் நடக்கிறது. அப்போது மாணவர் மையத்தை நடத்திய மேரி மேத்திஸ் என்ற அம்மையார், மாணவரும் ஆசிரியரும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பேசட்டும் என்று காபி கொடுத்துத் தொடங்கியது. பிற்பாடு காபி போய் டாக்டர் பெப்பர் வந்தது. இப்போது பெயரே 'டாக்டர் பெப்பர் அவர்'.

அந்தப் பானம் பிறந்ததே இந்த ஊரில்தான். 1885-இல் வேக்கோவில் ஒரு மருந்துக் கடை. அங்கே மருந்து கலக்கிக் கொடுத்த சார்லஸ் ஆல்டர்டன், கடைக்குள் வீசும் பழச்சாறுகளின் கலவை வாசனையை அப்படியே ஒரு பானமாக்கப் பார்த்து உண்டாக்கியதாகக் கதை. கோக்கைவிட ஒரு வயது மூத்தது. 23 சுவைகள் சேர்ந்தது என்பார்கள். எந்த 23 என்பது கம்பெனி ரகசியம்.

இரண்டே முக்காலுக்கே மாணவர் மையத்தின் மேல்மாடியில் வரிசை. உள்ளே பார்ஃபீல்ட் அறை, பழைய காலத்துப் பெரிய வீட்டு வரவேற்பறை மாதிரி. பைஜாமாவில் வந்தவன் ஒருவன், நேர்முகத் தேர்வுக்குக் கோட் போட்டு வந்தவன் ஒருவன், கையில் பைபிளோடு இரண்டு பேர், காலில் கட்டுப் போட்டுக் கட்டையூன்றிய விளையாட்டுப் பெண் ஒருத்தி. யாரும் யாரையும் சீட்டு கேட்கவில்லை. வெளியூர்க்காரனான எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார்கள். காசு கிடையாது. சும்மா.

கோப்பைக்குள் வனிலா ஐஸ்கிரீமும் டாக்டர் பெப்பரும் கலந்து, காபிப் பழுப்பில் நுரை கட்டி நிற்கிறது. இதற்கு 'ஃப்ளோட்' என்று பெயர். முதல் மடக்கு: இருமல் மருந்து. சிறு வயதில் அம்மா மூடியில் ஊற்றிக் கொடுத்த சிவப்பு மருந்து அப்படியே கண் முன்னால் வந்தது. இரண்டாவது மடக்கில் பாதாம் மாதிரி ஏதோ. மூன்றாவதில் நன்னாரி என்று நினைத்தேன், இல்லை. நாலாவதில் கோப்பை தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கினேன்.

பக்கத்து சோபாவில் ஒரு முதியவர், ஓய்வு பெற்ற பேராசிரியர். "எந்தத் துறையைப் பார்க்க வந்தீர்கள்?" என்றார். "எதையும் பார்க்க வரவில்லை, அண்ணன் மகளைப் பார்க்க வந்தேன்" என்றேன். "சரியான காரணம்" என்று தன் கோப்பையை என் கோப்பையில் மெல்ல இடித்தார். வேறு பல்கலைக்கழகமாக இருந்தால் இந்த நேரத்து விருந்தில் ஒயின் இருக்கும். பேய்லர் வளாகத்தில் மது கிடையாது, அதனால் ஐம்பது வயதுக்காரரும் பதினெட்டு வயதுப் பிள்ளையும் ஒரே ஐஸ்கிரீம் சோடாவைக் குடிக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருந்த முதலாண்டுப் பையன் தன் வேதியியல் மதிப்பெண்ணை அந்தப் பேராசிரியரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். அவர் அவனுக்குப் பாடம் எடுத்தவர்கூட இல்லை. 62 வாங்கியிருக்கிறான். "நான் உன் வயதில் 58" என்றார் அவர். பையன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

நான்கு மணிக்குக் கோபுர மணி அடித்தது, கூட்டம் கலைந்தது. யாரும் சொற்பொழிவாற்றவில்லை. பொன்னாடை இல்லை. கிறித்தவப் பல்கலைக்கழகம் என்பதை நான் சிலுவையிலும் சிலையிலும் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கென்னவோ அது அந்த ஒரு மணி நேரத்தில்தான் கூடுதலாகத் தெரிந்தது.

இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு, மனைவியிடம் பேசினேன், அங்கே காலை எட்டு மணி.

"அப்படி என்ன ருசி? பன்னீர் சோடா மாதிரியா?"

"இல்லை."

"கலரா? கோலி சோடாவா?"

"இருமல் மருந்து மாதிரி... ஆனா நல்லா இருக்கு."

"ஒரு ருசியச் சொல்லத் தெரியல, இதுல பயணக் கட்டுரை வேற" என்று வைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள், புதன்

பகல் முழுக்கப் புழுக்கம். இரவு பத்தே காலுக்கு மூன்று கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. சுழற்காற்று எச்சரிக்கை. இதில் இரண்டு வகை உண்டு. 'வாட்ச்' என்றால் வரலாம், கவனமாக இரு. 'வார்னிங்' என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டுவிட்டது, ஒதுங்கு. வந்தது இரண்டாவது.

எங்களுடையது மாடி வீடு. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போக வேண்டும் என்பது விதி. கீழ்வீட்டில் இரண்டு தெலுங்குப் பிள்ளைகள். அவர்கள் குளியலறையில் ஐந்து பேரும் ஒரு பூனையும். எனக்கு மரியாதைக்காகக் குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு இடம் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம். வெளியே ரயில் போவது போலச் சத்தம், அப்புறம் ஆலங்கட்டி, அப்புறம் வெறும் மழை. ஒரு பையன் இருட்டிலும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கம் சேதம் ஒன்றுமில்லை. ஆனால் 1953 மே 11 அன்று இந்த ஊர் மையத்தின் மீதே ஒரு சுழற்காற்று இறங்கியிருக்கிறது. 114 பேர் செத்தார்கள். அந்தக் காபி மணி நேரம் தொடங்கிய அதே வருடம். இளவேனில் என்றால் பூ என்று முதல் நாள் எழுதியவன், இன்று தொட்டிக்குள் கால் மடக்கி உட்கார்ந்து அதைத் திருத்திக்கொண்டேன்.

ஆறாம் நாள், வியாழன்

காலையில் ஆர்ம்ஸ்ட்ராங் பிரௌனிங் நூலகம். ஆங்கிலக் கவிஞர்களான ராபர்ட் பிரௌனிங், எலிசபெத் பாரெட் பிரௌனிங் தம்பதிக்கென்றே 1951-இல் ஒரு மாளிகை. இங்கே ஆங்கிலம் கற்பித்த ஏ.ஜே. ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பேராசிரியர் வாழ்நாளெல்லாம் அவர்களின் கடிதம், புத்தகம், நாற்காலி என்று சேர்த்தார். சேர்த்ததை வைக்க இடம் வேண்டுமென்று பணமும் திரட்டினார். 62 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். லண்டனிலும் ஃப்ளாரன்ஸிலும் வாழ்ந்தவர்களின் நினைவு டெக்சஸில் ஏன் இருக்கிறது என்றால், ஒரு வாத்தியாரின் பிடிவாதம். நம்மூரிலும் ஓலைச்சுவடிகளை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர்கள் உண்டு, அந்த ஜாதி.

கணவன் மனைவி இருவரின் வலக்கைகள் பற்றியபடி வார்த்தெடுத்த ஒரு வெண்கலம் இருக்கிறது. ஹேரியட் ஹாஸ்மர் என்ற சிற்பி அவர்கள் உயிரோடிருந்தபோதே அச்செடுத்தது. எலிசபெத்தின் கை குழந்தைக் கை போல அவ்வளவு சிறியது. சட்டை நுனியின் சுருக்கம்கூடப் பதிந்திருக்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன். ஜன்னல் வழியே விழுந்த சிவப்பு வெளிச்சம் தரையில் என் செருப்பு வரை வந்திருந்தது.

பிறகு வேக்கோ ஹால். 1920-களின் இறுதியில் பல்கலைக்கழகத்தை டல்லஸுக்கு மாற்றிவிடலாம் என்று சபையில் பேச்சு வந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. பணம் போட்டுக் கட்டிக் கொடுத்த அரங்கம் இது, 1930-இல் திறந்தார்கள். மாப்பிள்ளை ஓடிப்போகாமல் இருக்க வீடு கட்டிக் கொடுப்பது போல.

இந்த மேடையில்தான் பிப்ரவரியில் 'ஆல் யுனிவர்சிட்டி சிங்' நடக்கிறது. மாணவர் குழுக்கள் ஆளுக்கு ஏழு நிமிடம் பாடி ஆட வேண்டும். மேடையமைப்பு, உடை எல்லாம் அவர்களே. அதுவும் 1953, அதுவும் அதே மேத்திஸ் அம்மையார். தேறும் எட்டுக் குழுக்கள் இலையுதிர் காலத்தில் மறுபடி ஆடும். "ஆறு வாரம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒத்திகை. பிப்ரவரி மாசம் என் லேப்ல பாதிப் பேர் பிசாசு மாதிரி இருப்பாங்க" என்றாள் அண்ணன் மகள்.

இவ்வளவு ஆட்டமா என்று நினைக்கும்போது இன்னொன்றைச் சொன்னாள். 1996 ஏப்ரல் வரை இந்த வளாகத்தில் நடனத்துக்குத் தடை. நூற்றைம்பது வருடம்! மேடையில் ஆடலாம், 'அசைவு' என்று அதற்கு வேறு பெயர் கொடுத்துக்கொள்வார்களாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் விருந்து நடத்தக்கூடாது. 1996 ஏப்ரல் 18 இரவு, அப்போதைய தலைவர் ராபர்ட் ஸ்லோன் மனைவியோடு ஆடித் தொடங்கிவைத்தார். நாங்கள் எண்பதுகளில் தாம்பரத்தில் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருந்தால் இவர்கள் எங்களை மனந்திருப்ப மிஷனரி அனுப்பியிருப்பார்கள்.

ஏழாம் நாள், வெள்ளி

சட்டையில் ஊறுகாய்க் கறை போகவில்லை. துவைத்து முடியவே மதியமாகிவிட்டது.

மாலையில் பிரேஸஸ் ஆற்றுப் பாலம். 1870-இல் கட்டிய தொங்கு பாலம், மாடுகள் ஆற்றைக் கடக்க உதவியது. மாணவர்களுக்கு இங்கே ஒரு விளையாட்டு உண்டு. மெக்சிகோ ரொட்டியான டார்ட்டியாவைப் பாலத்திலிருந்து சுழற்றி எறிய வேண்டும், ஆற்றுக்குள் நிற்கும் பழைய தூணின் தலையில் விழ வேண்டும். அண்ணன் மகள் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். என் கையிலும் ஒன்றைத் திணித்தாள். அப்படியே நம் சப்பாத்தி. எறிய எனக்குக் கை வரவில்லை.

"எறிங்க சித்தப்பா, மீன் தின்னும்."

"மீனுக்கு யாரும்மா குருமா ஊத்துவா?"

அவள் ஆறு எறிந்தாள், ஒன்றுகூடத் தூணில் விழவில்லை. என்னுடையதை நான் தின்றுவிட்டேன்.

எட்டாம் நாள், சனி

காலை எட்டரைக்கு எழுப்பி, பச்சைச் சட்டை ஒன்றைப் போடச் சொன்னாள். என் சட்டைகளின் நிலைமைக்கு அது வரமாகவே தோன்றியது.

'ஸ்டெப்பின் அவுட்' என்று வருடத்துக்கு இருமுறை, இலையுதிர் காலத்தில் ஒன்று, இளவேனிலில் ஒன்று. மாணவர்கள் குழு குழுவாக ஊருக்குள் போய் வேலை செய்கிறார்கள். வேலி அடிப்பது, தோட்டம் சுத்தம் செய்வது, குப்பை பொறுக்குவது. எங்கள் என்.எஸ்.எஸ். முகாம் மாதிரி, உப்புமா மட்டும் இல்லை. நான் மாணவன் இல்லையே என்றேன். "தூரிகை பிடிக்கத் தெரியுமா? போதும்" என்றான் குழுத்தலைவன்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு கறுப்பினப் பாட்டியின் வீடு. எண்பது வயதுக்கு மேல், தனியாக இருக்கிறார். மரவேலியில் பழைய வெள்ளை பொரிந்து செதில் செதிலாக நின்றது. தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாகக் கை கோத்தார்கள், குழுத்தலைவன் நாலு வரி ஜெபம் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டேன். நடுவில் பாட்டி "ஆமென்" சொன்ன குரலில் அவன் திடுக்கிட்டு மீதி இரண்டு வரியை மறந்துவிட்டான்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் சுரண்ட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்கும் தெரியவில்லை. டப்பாவைத் திறந்து நேரே பூசப் போனார்கள். பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வளர்ந்தவன் நான், பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சுரண்டியும் உப்புத்தாளும் கேட்டு வாங்கி, முதல் பலகையைச் சுரண்டிக் காட்டினேன். மேலிருந்து கீழாக, மர நரம்போடு. எதிர்நரம்பில் போனால் சிலாம்பு கிளம்பும். பிறகு ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, காய்ந்ததும் பூச்சு. ஒரு மணி நேரத்தில் எட்டுப் பேரும் "சார், இது போதுமா?" என்று என்னிடம் வந்து நின்றார்கள். கன்சாஸிலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கை நன்றாக வந்தது. அவன் முழங்கை வரை வெள்ளை.

பாட்டி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தரிடமும் ஊர் கேட்டார். என்னிடம், "இந்தியாவிலிருந்து என் வேலிக்காகவா வந்தாய்?" என்றார். ஆமாம் என்றேன். பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊரில்தான் பிறந்து வளர்ந்தாராம். அவர் இளம் பெண்ணாக இருந்த காலத்தில் கறுப்பினத்தவருக்கு அங்கே படிக்க இடமில்லை. 1960-களில்தான் கதவு திறந்தது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். "இப்போது பேத்தி அங்கே படிக்கிறாள்" என்றுவிட்டு, வேலியின் மூலையைக் காட்டி, "அங்கே விட்டுப் போயிருக்கிறது" என்றார். விட்டுத்தான் போயிருந்தது.

ஒன்பதாம் நாள், ஞாயிறு

முதுகு, தோள், முழங்கால் மூன்றும் தனித்தனியாகப் பேசுகின்றன.

மதியம் டாக்டர் பெப்பர் அருங்காட்சியகம். 1906-இல் எழுப்பிய பாட்டில் ஆலைக் கட்டடம். பழைய இயந்திரங்கள், விளம்பரப் பலகைகள். வெளியே வரும்போது கண்ணாடி பாட்டில் ஒன்று வாங்கினேன். ருசியைச் சொல்லத் தெரியாதவன், ருசியையே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. ஆனால் பெட்டியில் வைக்க மாட்டேன். ஊறுகாய் கற்றுக்கொடுத்த பாடம். கைப்பையில், துண்டு சுற்றி, மடியிலேயே வைத்துக்கொள்வதாக முடிவு.

மாலையில் வளாகத்துக்குக் கடைசி நடை. ஒரு வாரமாக எல்லோர் வாயிலும் இருந்த 'டியா' நெருங்கிவிட்டது. முழுப் பெயர் 'டியாடெலோசோ'. ஸ்பானிய மொழியில் கரடியின் நாள் என்பதை ஒரே சொல்லாக ஒட்டியது. 1932-இல் ஒரு பொது விடுமுறை நாளாகத் தொடங்கி, 1966-இல் இந்தப் பெயர் வந்தது. அன்றைக்கு வகுப்பு கிடையாது. கயிறு இழுத்தல், பந்தாட்டம், பாட்டுக் கச்சேரி. பரீட்சை நெருங்கும் ஏப்ரலில் பல்கலைக்கழகமே முன்வந்து பாடத்தை நிறுத்துகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் காலத்தில் அதற்கு ஸ்டிரைக் தேவைப்பட்டது.

புல்வெளியில் மடித்த மேசைகள் அடுக்கியிருந்தன. கயிறு ஒன்று வடம் மாதிரித் தடியாகச் சுருண்டு கிடந்தது. நாலு பெண்கள் அதன் ஒரு முனையைப் பிடித்து, எதிரே யாரும் இல்லாமலே இழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். இழுக்க ஆளில்லாததால் ஒவ்வொரு முறையும் மல்லாக்க விழுந்து சிரித்தார்கள். அண்ணன் மகள் அவர்களுக்குத் தெரிந்தவள். என்னைப் பார்த்தாள். நான் மறுமுனையைத் தூக்கினேன்.

தோற்றோம் என்று சொல்லத் தேவையில்லை.

பத்தாம் நாள், திங்கள்

விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன்.

பாதுகாப்புச் சோதனையில் கைப்பையைத் தனியே ஒதுக்கினார்கள். துண்டைப் பிரித்தார் அந்தப் பணியாளர். 100 மில்லிக்கு மேல் திரவம், அனுமதியில்லை. எனக்கு இது தெரியாதா? தெரியும். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் வரிசையிலேயே நின்றேன். ஆனால் இதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க மனசுக்குத் தோன்றவே இல்லை.

"போட்டுவிடட்டுமா, அல்லது வெளியே போய்க் குடித்துவிட்டு வருகிறீர்களா?"

விமானத்துக்கு நேரமிருந்தது. வெளியே வந்தேன். மூடியைத் திறக்க வழியில்லை. பக்கத்துக் கடைக்காரப் பையன் திறந்து கொடுத்தான். வெதுவெதுப்பாக, ஐஸ்கிரீம் இல்லாமல், நின்றபடியே குடித்தேன். வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"என்ன, ஏறிட்டீங்களா?"

"இல்லை. உனக்கு வாங்கினதைக் குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, இப்பவாவது சொல்லுங்க. எப்படி இருக்கு?"

இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்தேன். பாதாம், இல்லை. நன்னாரி, இல்லை. ஏதோ பழம், பெயர் நாக்கு நுனியில் இருக்கிறது.

"இரு, சொல்றேன்" என்றேன். பாட்டிலில் இன்னும் கால்வாசி இருந்தது.